வெள்ளிக்கிழமை மீன்

தம்பி, மூக்கைச் சுளிக்காதேங்கோ. மீன்தான். மூடிக் கட்டித்தான் வைச்சிருக்கிறன். அலுமினியத் தாளாலை மூண்டு சுத்து, அதுக்கு மேலை பொலித்தீன் பை, அதுக்கு மேலை துவாய். அப்பிடியிருந்தும் மணக்குது. எனக்கு முன்னாலை இருந்த மனிசி எழும்பி அங்காலை போட்டா, பாத்தனீங்கள்தானே? போகட்டும். அவ பூசியிருக்கிற சென்ற்றின்ரை மணத்துக்கு நான் எழும்பிப் போனனானோ?

தமிழ்தானே நீங்கள்? பாத்த உடனை தெரியும். ஊரிலை எவடம்? அப்பிடியோ. அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது, பறவாயில்லை. எயாப்போட்டுக்கோ போறியள்? அங்கையோ வேலை? நல்லது. நான் ஒருத்தரையும் வழியனுப்பப் போகேல்லை. அதை முதல்லை சொல்லிப்போடுறன். இந்தப் பார்சலைக் குடுக்கவேணும், குடுத்திட்டு அடுத்த பஸ்ஸிலை திரும்பிறது. அவ்வளவுதான்.

ஆருக்கோ? கிருபை எண்டு ஒருத்தன். கிருபாகரன். எட்மன்ரனிலை மகள் இருக்கிறாள், அவளோடை இருக்கப் போறான். ஒரேயடியா. மனிசி செத்து ரெண்டு வருசம், தனியச் சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தவன். இஞ்சை குளிருது எண்டு புலம்பிறவன் இதைவிடக் குளிருற இடத்துக்குப் போறான். உவ்வளவுதான் அவன்ரை புத்தி.

நாங்கள் நாலு பேர் தம்பி. நான், கிருபை, குலசேகரம், யேசுரட்ணம். ஞாயிறு எண்டால் குலத்தின்ரை வீட்டுப் பேஸ்மென்ற்றிலை காட்ஸ் விளையாடுவம், முந்நூற்றிநாலு. இருபது வருசத்துக்கு மேலை. விளையாட்டு எண்டு பேர், மூளையோடை விளையாடுறது நான் ஒருத்தன்தான். குலத்துக்குத் துரும்பை எப்ப இறக்கிறதெண்டு இண்டைக்கும் தெரியாது. யேசுரட்ணம் நல்ல தாள் வந்தால் மூக்கைச் சொறிவான், ஊருக்கே தெரிஞ்சுபோம். கிருபை என்ரை பக்கம். அதாலை தப்பினான். கையிலை ஒண்டுமில்லாமல் ஏலம் கேட்டுப்போட்டு என்ரை முகத்தைப் பாப்பான். நான்தான் இழுத்துக் கரை சேர்க்கவேணும். ஒருக்காலும் நன்றி சொன்னதில்லை. சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

விளையாட்டு முடியக் குலத்தின்ரை மனிசி சோறும் மீன் குழம்பும் வைப்பா. சட்டியிலை தலை கிடந்தால் கிருபைதான் அகப்பையாலை தூக்கி என்ரை சோத்துக் கோப்பையிலை போடுவான். வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டான். அவனுக்குத் தலை தின்னத் தெரியாது தம்பி. மீன்ரை கண்ணைக் கண்டால் பயம். யாழ்ப்பாணத்திலை பிறந்து மீன்தலை உறிஞ்சத் தெரியாத ஒருத்தனை நீங்கள் எங்கையேன் கண்டிருக்கிறியளோ?

சரி, கதைக்கு வாறன். இந்த மாரி தொடங்கேக்கை, முதல் பனி கொட்டின ஞாயிறு. தாளைப் பிரிச்சுக்கொண்டிருக்கேக்கை கிருபை சொல்லுறான்:

“மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போகத்தான் போறன். ஆனா ஒண்டு, சிம்கோ ஏரியிலை ஐஸிலை ஓட்டை போட்டு ஒரு ட்ரவுட் மீன் பிடிக்கவேணும். பிடிச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவன்.”

கேட்டியளே? பிடிச்சிட்டுத்தான் பிளேன் ஏறுவன். அவன்ரை வாயாலை சொன்னது. நான் சொல்லிக்குடுக்கேல்லை.

ஏனெண்டு கேட்டன். அவனும் மனிசி மனோரஞ்சிதமும் ஒருக்கா அந்தப் பக்கம் போகேக்கை ஏரிக்கரையிலை காரை நிப்பாட்டினவையாம். ஐஸுக்கு மேலை குடில் குடிலா நிண்டதாம். “உதுக்குள்ளை இருந்து என்னப்பா செய்யினம்?” எண்டு மனோரஞ்சிதம் கேட்டவவாம். இவனுக்குத் தெரியாதாம். மீன் பிடிக்கினம் எண்டு சொன்னானாம். “நாள் முழுக்கவோ? அதுக்குள்ளை என்ன கதைப்பினம்?” எண்டு கேட்டவவாம். அதுக்கும் இவனுக்கு விடை தெரியாதாம். இப்ப அந்த விடையைக் கண்டுபிடிக்கப் போறாராம் துரை. செத்துப்போன மனிசிக்குப் பதில் சொல்லப் போறாராம்!

யோசிச்சுப் பாருங்கோ தம்பி. நாங்கள் கடல்மீன் தின்ன சனம். விளைமீனும் பாரையும் துள்ளத் துள்ள வாங்கி, கழுவின கை காயமுதல் சட்டியிலை போட்ட சனம். ஏரி மீனை, உப்புத் தண்ணியே காணாத மீனை, மனுசன் தின்னுவானோ? அதையும் சும்மா பிடிக்கேலாது. உறைஞ்ச தண்ணிக்கு மேலை வாகனத்திலை போறது. ஆள் உயரத் துறப்பணத்தாலை ஓட்டை போடுறது. பிறகு கக்கூஸ் அளவிலை ஒரு குடிலுக்குள்ளை வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்திக்கொண்டு, அந்த ஓட்டையை விடிஞ்சதிலையிருந்து பொழுதுபடுமட்டும் பாக்கிறது. இதுக்கு வெள்ளைக்காரன் காசும் வாங்கிறான். வெள்ளைக்காரனுக்குப் பொழுது போகேல்லை, செய்யிறான். உனக்கென்ன வந்தது?

ஆனா பொறுப்பு எண்டு ஒண்டு இருக்கெல்லோ. உவங்களைத் தனிய விட்டால் ஐஸுக்குள்ளை போய்ச் செத்துப்போவாங்கள். ஐஸ் ஒரு சாண் இருந்தால் காணுமாம், குலம் சொல்லுறான். குலத்தின்ரை சாணோ, என்ரை சாணோ? அப்ப நான் சொன்னன், ஒழுங்கெல்லாம் நான் செய்யிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ எண்டு. நான் ஊரிலை கூட்டுறவுச் சங்கத்திலை மனேஜர். உவங்கள் இண்டைக்கும் என்னை மனேஜர் எண்டுதான் கூப்பிடுவாங்கள். பகிடியாக் கூப்பிடுறாங்கள் எண்டு என்ரை மனிசி சொல்லுவாள். அவளுக்கென்ன தெரியும்.

ஏறிப் போற வான் குலத்தின்ரை பொறுப்பு. தூண்டிலும் குடிலும் யேசுரட்ணத்தின்ரை பொறுப்பு, அவன் மீன்பிடி ஊரான குருநகர்க்காரன், ஆனா வள்ளத்திலை ஏறினால் சத்தி எடுக்கிற குருநகர்க்காரன். சாப்பாடு என்ரை மனிசி. நாள் பாக்கிறது நான். கிருபைக்கு ஒரு வேலையும் குடுக்கேல்லை. அவன் தானாய் ஒரு வேலை எடுத்துக்கொண்டான். என்னெண்டு சொல்லுறன், சிரிக்காதேங்கோ.

பழைய சாமான் கடையிலை ஒரு செம்மஞ்சள் உடுப்பு வாங்கினான், ரோட்டு வேலைக்காரர் போடுற மாதிரி, காலிலையிருந்து கழுத்துமட்டும் ஒரே உடுப்பு. ஒரு முழ நீளத்திலை தூண்டில் தடி, குழந்தைப்பிள்ளை விளையாடுற சாமான் மாதிரி. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, பேஸ்மென்ற் படியின்ரை மேல்நுனியிலை இருந்துகொண்டு, கீழை தண்ணி வாளியை வைச்சு, மேலையிருந்து நூலை இறக்கி ஆட்டுறான். ட்ரவுட் ஆழத்திலைதான் நிக்குமாம். தகர மீனைக் கட்டி ஆட்ட ஆட்ட, உண்மை மீனெண்டு நினைச்சு வந்து கவ்வுமாம். ஆட்டுறதிலைதான் எல்லாம் இருக்காம். ஒவ்வொரு ஞாயிறும் உதுதான். நாங்கள் கீழை தாளைப் பிரிச்சுவைச்சிட்டு இருக்கிறம், ஐயா மேலையிருந்து வாளிக்குள்ளை மீன் பிடிக்கிறார்.

“கிருபை, இறங்கி வாடா, உன்ரை கை.”

“பொறு மனேஜர், ஏதோ தட்டுது.”

வாளிக்குள்ளை என்னடா தட்டும்? அறுபத்தாறு வயசு அவனுக்கு.

நாள் பாத்த கதையைக் கேளுங்கோ. தமிழ்க் கடையிலை தாற கலண்டர் இருக்கெல்லோ, அதை ஆணியோடை கழட்டிக்கொண்டு போனன். எல்லாம் முறைப்படி நடக்கவேணும். முதல்லை டிசெம்பர் கடைசி. குலம் சொன்னான், ஏரி இன்னும் வடிவா உறையேல்லையாம், ஜனவரி பிறக்கட்டும் எண்டு. சரி. அடுத்தது திருவெம்பாவை. திருவெம்பாவைக்கை உயிர் கொல்லுறதோ? விட்டம். பிறகு பொங்கல். பொங்கின கையாலை மீன் வெட்டுறதோ? பிறகு தைப்பூசம். பிறகு தை அமாவாசை, எல்லாருக்கும் தகப்பன் செத்தாச்சு, எல்லாருக்கும் விரதம். யேசுரட்ணம் ஒருத்தன் மட்டும், “எங்கடை ஆக்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லையப்பா” எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தான். இருந்தவன் இருக்கட்டும்.

ஒரு சனிக்கிழமை ஒண்டும் இல்லாமல் வந்திட்டுது. கலண்டரிலை மொட்டையாக் கிடக்குது, பூசமும் இல்லை, அமாவாசையும் இல்லை. விடியக் குளிருது, ஒன்பதரைக்கு வெளிக்கிடுவம் எண்டான் குலம். நான் கலண்டரை நீட்டினன். சனிக்கிழமை ஒன்பதரை ராகுகாலம். இந்த வயசுவரைக்கும் நான் ராகுகாலத்திலை வாசல்படி தாண்டினதில்லை தம்பி. என்ரை கலியாணத்துக்கே பொம்பிளை வீட்டார் ரோட்டிலை காத்து நிண்டவை. குலம் உடனை, “சரி, எட்டுக்கு வெளிக்கிடுவம்” எண்டான். அப்ப நான் சொன்னன், சனிக்கிழமையே எனக்குச் சரிவராது, சனி பிடிச்சிருக்கு, விரதம் எண்டு.

கிருபை கேட்டான்: “மனேஜர், உனக்கு எப்ப சனி பிடிச்சது?”

“இப்பதான்.”

“போன சனிக்கிழமை ஆட்டுக்கறி திண்டனியெல்லோ?”

“அதாலைதான் பிடிச்சது.”

சிரிக்கிறான். எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு. உவனுக்கு விரதத்திலை நம்பிக்கையும் இல்லை, மரியாதையும் இல்லை. மற்ற ரெண்டு பேரும் சிரிக்கேல்லை. குலம் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். பாக்கட்டும்.

பிறகு சிவராத்திரி. பிறகு, நல்லவேளை, லண்டனிலை என்ரை தாய்மாமன்ரை வழியிலை ஒருத்தர் மோசம் போனார். நல்லவேளை எண்டு நான் சொன்னது வேறை அர்த்தத்திலை, நீங்கள் பிழையா விளங்காதேங்கோ. செத்தவீட்டுத் துடக்கு. துடக்கோடை எப்பிடி ஒரு பயணம்? “அவரை நீங்கள் ஒருக்காலும் கண்டதில்லையே” எண்டு கேட்டான் குலம். காணாட்டில் துடக்கில்லையோ? என்ன கதை உது!

பங்குனி பிறக்க அந்த ஏரியிலை ட்ரவுட் பிடிக்கிறதை மூடிப்போடுவாங்கள் தம்பி. சட்டம். ஐஸும் பிறகு நம்பேலாது. குடிலெல்லாத்தையும் கரைக்கு இழுத்துப்போடுவாங்கள். நான் கலண்டரைப் பாத்தன். மாசியிலை மிஞ்சியிருந்தது சொற்ப நாள். அதிலை ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளி எண்டால் கேள்வியே இல்லை. மிச்சம் எப்பிடியும் போயிடும். பிறகு அடுத்த மாரிக்குத்தான். அடுத்த மாரி மட்டும் கிருபை இஞ்சை நிண்டுதானே ஆகவேணும்? மீன் பிடிக்காமல் போகமாட்டன் எண்டு சொன்னவன் அவன்தானே? நான் சொன்னனானோ?

இல்லை, நான் சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னன். அவன் நிண்டால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன. மூண்டு பேரோடை முந்நூற்றிநாலு விளையாடேலாது, அதுதான் ஒரு பிரச்சினை. நாலு பேர் வேணும், ரெண்டு ரெண்டு பேரா. அது விளையாட்டின்ரை விதி.

இப்ப நடந்த அநியாயத்தைக் கேளுங்கோ. அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டிலை மரக்கறிச் சோறு திண்டுபோட்டுப் படுத்திருக்கிறன். ஒருத்தனும் ரெலிபோன் எடுக்கேல்லை. நான் எடுத்தால் குலத்தின்ரை மனிசி, “அவர் வெளியிலை” எண்டு வைக்கிறா. யேசுரட்ணத்துக்கு எடுத்தால் அவனும் வெளியிலை. கிருபைக்கு எடுத்தால் மணி அடிச்சுக்கொண்டே இருக்குது. எனக்கு விளங்கேல்லை. நான் ஒருத்தரையும் சந்தேகப்படுற ஆள் இல்லை.

அடுத்தநாள் காலமை குலம் வாசல்லை நிக்கிறான், கையிலை ஒரு பை. சப்பாத்தும் கழட்டேல்லை, உள்ளுக்கும் வரேல்லை.

“மனேஜர், குறை நினைக்காதேங்கோ. நேற்றுப் போட்டு வந்தம்.”

“எங்கை?”

“ஏரிக்கு.”

வெள்ளிக்கிழமை தம்பி! வெள்ளிக்கிழமை போயிருக்கிறாங்கள்! யேசுரட்ணம்தான் தூண்டிவிட்டவன். தவக்காலத்திலை வெள்ளிக்கிழமை அவைக்கு இறைச்சி கூடாது, மீன்தான் சாப்பாடாம். “எங்களுக்கு வெள்ளிதானப்பா மீன் நாள்” எண்டானாம். சரி, அவன் வேதக்காரன், அவனை விடுவம். குலத்துக்கும் கிருபைக்கும் எங்கை போச்சுப் புத்தி? அதுக்குக் கிருபை ஒரு விளக்கம் சொன்னவனாம்: பிடிக்கிறதுதானே வெள்ளி, தின்னுறது சனி, அதாலை பிழையில்லை எண்டு. இப்பிடி ஒரு நியாயத்தை எந்தச் சாத்திரத்திலை எழுதியிருக்கு? நீங்கள் படிச்ச பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ.

“என்னை ஏன் கேக்கேல்லை?” எண்டன்.

“கேட்டால் நீங்கள் வரமாட்டியள்.”

“வரமாட்டன்தான். அதுக்காகக் கேக்காமல் விடுறதோ?”

குலம் தானாய்ச் சொல்லத் தொடங்கினான். விடியப் போனவையாம். நாள் முழுக்க ஒண்டும் இல்லையாம். ஹீற்றர் போட்டும் கால் விறைச்சுப்போச்சாம். என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். முழுக்க என்னைப் பற்றித்தான் கதைச்சவங்களாம். என்ரை கலண்டர், என்ரை சனி, என்ரை துடக்கு. குடிலுக்குள்ளை கண்ணிலை தண்ணி வருமட்டும் சிரிச்சவங்களாம். பாருங்கோ, ஆள் இல்லாத இடத்திலை ஆளை நக்கலடிக்கிற சனம்! மனோரஞ்சிதம் கேட்ட கேள்விக்கு விடை கிடைச்சிட்டுது எண்டு கிருபை சொன்னானாம். என்ன விடை? மனேஜரைப் பற்றிக் கதைப்பினம், அதுவோ விடை? எனக்குக் கொதி வந்தது.

பொழுதுபடுற நேரம், மற்ற ரெண்டு பேரும் சாமானைக் கட்டினாப் பிறகு, கிருபையின்ரை தடி வளைஞ்சுதாம். பேஸ்மென்ற் படியிலை ஆட்டினமாதிரியே ஆட்டினானாம். இழுத்துக்கொண்டு வர, ஓட்டைக்குள்ளாலை தலை தெரிஞ்சுதாம். முழங்கையிலும் நீளமான ட்ரவுட். பெரிய காரியம். ஊரிலை அதைத் தூண்டிலுக்கு இரையாப் போடுவம்.

மீன் ஐஸிலை கிடந்து துடிக்குதாம். கிருபை அதைப் பாத்துக்கொண்டே நிண்டானாம். பிறகு குலத்திட்டைக் கேட்டானாம்: “திரும்ப விடுவமோடா?”

கேட்டியளே தம்பி? மாரி முழுக்க வாளிக்குள்ளை பயிற்சி எடுத்து, நாள் முழுக்கக் குளிருக்குள்ளை கிடந்து, பிடிச்ச மீனைத் திரும்ப விடுவமோ எண்டு கேக்கிறான். மொக்கன். சுத்த மொக்கன். “விட்டால் பிடிக்கேல்லை எண்டுதானே கணக்கு?” எண்டும் கேட்டானாம். யேசுரட்ணம்தான், “பேய்க்கதை கதையாதை” எண்டு பேசி, மீனைத் தூக்கிப் பெட்டிக்குள்ளை போட்டவனாம். கிருபை வானுக்குள்ளை வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவனாம். ஒரு மீனுக்கு அழுகிறான். மனிசி செத்தபோதுகூட எங்களுக்கு முன்னாலை உவன் அழுதவனில்லை.

நான் அந்த இடத்திலை இருந்திருந்தால் என்ன செய்திருப்பன் எண்டோ கேக்கிறியள்? நான் என்ன செய்யிறது? ... விட்டிருப்பன். ஏரி மீன், ஆருக்கு வேணும் உது.

சரி, அந்தப் பை. பைக்குள்ளை என்ன தெரியுமோ? தலை. மீன்தலை. “கிருபை உங்களுக்கெண்டு வெட்டி வைச்சவன். ஒருத்தரையும் தொட விடேல்லை” எண்டான் குலம். எவ்வளவு கொழுப்பு எண்டு பாருங்கோ! என்னைக் கூப்பிடாமல் போய், என்னைப் பற்றிச் சிரிச்சு, உடம்பு முழுக்கத் தங்களுக்கு வைச்சுக்கொண்டு, எனக்குத் தலையை அனுப்பியிருக்கிறான்! நான் பையைக் குலத்தின்ரை முகத்திலை எறிஞ்சிருப்பன். என்ரை மனிசி இடையிலை வந்து வாங்கிப்போட்டாள். வாங்கிக்கொண்டு குசினிக்குள்ளை போகேக்கை என்னைப் பாத்துச் சொல்லுறாள்:

“தலையை அவர் வேறை ஆருக்குக் குடுக்கிறவர்?”

பெண்டுகளோடை தர்க்கம் பண்ணி என்ன பிரயோசனம்.

தலை ஃப்றீசருக்குள்ளை போச்சு. நான் குலத்தின்ரை வீட்டுப் பக்கம் போகேல்லை. கிருபை அண்டைக்கே எட்மன்ரனுக்கு ரிக்கெற் போட்டிட்டான். பாத்தியளே அவசரத்தை? மீன் அகப்பட்டுது, ஆள் கிளம்பியாச்சு. ரெண்டு ஞாயிறு போச்சு. ரெண்டு ஞாயிறும் ரெலிபோன் அடிச்சது, நான் எடுக்கேல்லை. மூண்டு பேரா இருந்து என்ன செய்தாங்களோ. கடைசி ஞாயிறு கிருபை வீட்டுக்கும் வந்தவன். நான் மேலை அறையிலை படுத்திருந்தன். நித்திரை எண்டு சொல்லச் சொன்னன். அவன் கீழை என்ரை மனிசியோடை கனநேரம் இருந்து தேத்தண்ணி குடிச்சவன். படியடியிலை நிண்டு, “மனேஜர், போட்டு வாறன்” எண்டு கொஞ்சம் பலமாச் சொன்னவன். நித்திரை கொள்ளுறவனுக்கு ஏன் சொல்லுறது? அவ்வளவுக்கு விசரன்.

இண்டைக்குக் காலமை குலம் ரெலிபோன் எடுத்தான், எயாப்போட்டுக்குப் போற வானிலை இடம் இருக்கு வாறியளோ எண்டு. மாட்டன் எண்டன். உங்கடை வானிலை நான் இனி ஏறமாட்டன் எண்டு சொல்லி வைச்சிட்டன். வைச்சிட்டுக் குசினிக்குள்ளை போனன். ஃப்றீசரைத் திறந்தால் அந்தத் தலை என்னைப் பாத்துக்கொண்டு கிடக்குது. எத்தினை நாளைக்கு ஒரு சாமான் இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கிறது? அவன்ரை சாமானை அவனிட்டைக் குடுத்திடவேணும். எனக்கு மற்றவன்ரை சாமான் வேண்டாம்.

பச்சையாக் குடுக்கேலாதுதானே. அதாலை சமைச்சன். மனிசி குளிச்சுச் சாமி கும்பிட்டுப்போட்டு வந்து பாத்தாள், நான் மீன் சட்டியோடை நிக்கிறன். “ஐயோ, வெள்ளிக்கிழமை!” எண்டு தலையிலை கை வைச்சாள். தின்னுறதுதான் கூடாது, சமைக்கிறதுக்கென்ன எண்டன். குழம்பு வைக்கேல்லை. குழம்பெண்டால் எயாப்போட்டிலை சோதிக்கிற இடத்திலை தண்ணிச் சாமான் எண்டு பறிச்சு எறிஞ்சுபோடுவாங்கள். அதாலை வெங்காயம் வதக்கி, பழப்புளி கொஞ்சமா விட்டு, நல்லா வத்தவைச்சுப் பிரட்டினன். பிறகுதான் நினைவு வந்தது, அந்தப் பேயனுக்குத் தலை தின்னத் தெரியாதே. இருந்து முழுக்க முள் எடுத்தன். கன்னத்துச் சதை, நெற்றிச் சதை, எல்லாத்தையும் கிள்ளி எடுத்து, கண்ணை அங்காலை எறிஞ்சிட்டு, புட்டோடை பிசைஞ்சு வைச்சிருக்கிறன். பிளேனிலை முள் தொண்டையிலை சிக்கினால் ஆர் எடுக்கிறது? பைலட்டோ? பிளேனிலை குடுக்கிறதும் ஒரு சாப்பாடோ, காய்ஞ்ச பிஸ்கட்.

ஒரே ஒரு குறை. உப்புப் பாக்கேல்லை. எனக்கு வெள்ளிக்கிழமை, வாயிலை வைக்கேலாது. மனிசியும் மாட்டாள். தம்பி, ஒருக்காப் பிரிச்சுத் தாறன், நுனி விரலாலை தொட்டு உப்புப் பாத்துச் சொல்லுறியளோ? ...

உங்களுக்கும் வெள்ளிக்கிழமையோ? விரதமோ? என்ன தம்பி நீங்கள், இளந்தாரிப் பெடியன், கனடாவிலை இருந்துகொண்டு வெள்ளி செவ்வாய் பாத்துக்கொண்டு! ஒரு சொட்டு. ஒரு மனுசனுக்கு உதவி. ... வேண்டாமெண்டால் விடுங்கோ. உங்களைமாதிரி ஆக்களாலைதான் எங்கடை சனம் முன்னேறாமல் கிடக்குது. உப்புக் குறைஞ்சால் குறைஞ்சுபோட்டுப் போகட்டும். என்ரை சமையலை இண்டைக்குத்தானே அவன் முதல்முதல் தின்னப்போறான்.

இந்த பஸ் ஏன் நிண்டு நிண்டு போகுது? ஒண்டே காலுக்கு பிளேன். உள்ளுக்குப் போனானெண்டால் பிறகு என்னை விடமாட்டாங்கள். இதுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம், முள்ளு எடுக்க மினைக்கெட்டுப்போச்சு. பதினொண்டுக்கு வெளிக்கிடேக்கை மனிசி வாசல்லை நிண்டு கத்திறாள், “ராகுகாலமப்பா! பன்ரண்டுக்குப் பிறகு போங்கோ!” எண்டு. நான் திரும்பியும் பாக்கேல்லை. பன்ரண்டு மட்டும் குந்திக்கொண்டு இருந்தால் பார்சலை ஆருக்குக் குடுக்கிறது? ராகுகாலமெல்லாம் ஊரிலை சரி தம்பி. இஞ்சை சூரியனையே காணேல்லை, ராகுவுக்கு என்ன வேலை?

உதோ தெரியுது, கட்டடம். உள்ளூர்ப் பிளேனுக்கு எந்தப் பக்கத்தாலை போகவேணும்? இறங்கி இடக்கைப் பக்கமோ? நீங்களும் அந்தப் பக்கம்தானோ? அப்ப ஒரு உதவி, எனக்கு முன்னாலை கெதியா நடவுங்கோ, நான் பின்னாலை வாறன். முழங்கால் ரெண்டும் நோ, ஆனா வருவன். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருத்தனைக் கண்டால் நிப்பாட்டுங்கோ. அதைப் போட்டுக்கொண்டுதான் பிளேன் ஏறுவன் எண்டு சொன்னவனாம், எட்மன்ரன் குளிருக்கு. சனம் முழுக்கப் பாத்துச் சிரிக்கப்போகுது. கண்டால், மனேஜர் வாறார், நில் எண்டு சொல்லுங்கோ. நிப்பான். நான் சொன்னால் நிப்பான்.

தம்பி, இறங்கமுதல் ஒண்டு கேக்கிறன். ஞாயிற்றுக்கிழமையிலை உங்களுக்கு வேலையோ? ... இல்லையோ.

முந்நூற்றிநாலு விளையாடத் தெரியுமோ?